மங்கம்மாவின் மரக்காலும் தணிகாசலம் சாரும்

தணிகாசலம் சார் இறந்த செய்தி போளூர் பேருந்து நிலையத்தில் என்னிடம் வந்து சேர்ந்தது. இரண்டு கையிலும் பை. போன் இரண்டு முறை அடித்து ஓய்ந்து, மூன்றாவது முறை அடித்தபோது பைகளைக் கீழே வைத்துவிட்டு எடுத்தேன். சாரிடம் படித்த ராஜவேலு பேசினான். "சிஸ்டர், சாரு காலைல போய்ட்டாருங்க. தூக்கத்துலயே உயிர் போயிடுச்சாம். நாளைக்கு மதியம் எடுக்கறாங்க" என்றான். அவன் குரல் உடைந்திருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. இனி மங்கம்மா வீட்டில் தானியம் அளக்கிற மரக்காலை யாரிடம் போய்க் கேட்பது என்பதுதான் முதலில் தோன்றியது. ஒருவர் செத்த சேதி காதில் விழுந்ததும் நினைக்கிற நினைப்பா இது என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஆனால் நினைத்தது அதைத்தான்.

சாரின் பழைய மாணவர்கள் சேர்ந்து அவருக்கு ஒரு நினைவுமலர் போடுகிறார்கள். அதற்கு நானும் எழுத வேண்டும் என்று ராஜவேலு மறுபடியும் போன் செய்தான். நல்லதாக நாலு வார்த்தை எழுதினால் போதும் என்றான். நாலு என்ன, நாற்பதே எழுதலாம். ஆனால் நல்லதை மட்டும் எழுத என்னால் முடியாது, எழுதினால் நடந்ததை எழுதுவேன், போடுவதானால் வெட்டாமல் போடு என்றேன். சரி என்றான். என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஜவ்வாது மலையில் இருபத்திரண்டு வருஷம் கிராமச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சொந்த ஊர் கண்ணமங்கலம். சார் கலசப்பாக்கத்துக்காரர். மலை மேலே விடுதிப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். அவரும் நானும் கடைசி ஐந்து வருஷம் பேசிக்கொள்ளவில்லை.

முதன்முதலில் அவரைப் பார்த்தது ஜமுனாமரத்தூர் பஸ்ஸில். மலைப்பாதை வளைவுகளில் ஆளாளுக்குக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் இரண்டு கையாலும் மடியில் ஒரு அரிக்கேன் விளக்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, வளைவுக்கு வளைவு என் மேல் சாய்ந்து, ஒவ்வொரு சாய்வுக்கும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வந்தார். விளக்கில் கண்ணாடி இல்லை, திரி இல்லை, அடியில் ஓட்டை. பழைய இரும்புக்குக்கூட எவனும் எடுக்கமாட்டானே சார் என்றேன். கரண்ட் வந்ததும் இதை எல்லாரும் மறந்துவிட்டார்கள், என் வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு இது என்னவென்றே தெரியவில்லை, அதற்காகத்தான் கொண்டுபோகிறேன் என்றார். இறங்கும்போது ஒன்று சொன்னார். பிறகு அதை நூறு முறை கேட்டிருக்கிறேன். "நீங்க வூடு வூடா போறவங்க சிஸ்டர். யாராவது எதையாவது தூக்கிப் போடறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க."

அப்படித்தான் அந்த வேலையில் மாட்டினேன். மலையில் வீட்டுக்கு வீடு அரசாங்க மிக்ஸி வந்துவிட்டிருந்தது. மாவு அரைக்கிற ஏந்திரக்கல் கோழிக்குத் தண்ணீர் வைக்கிற இடமாகிவிட்டது. உரல் மேல் தானியம் சிதறாமல் வைக்கிற குந்தாணியில் ஒரு வீட்டில் பூச்செடி நட்டிருந்தார்கள். கேழ்வரகு கொட்டி வைக்கிற மூங்கில் தொம்பை பிளாஸ்டிக் டிரம்முக்கு இடம் விட்டுக் கொல்லைப்புறம் போய் மழையில் நனைந்துகொண்டிருந்தது. விதை போட்டு வைக்கிற சுரைக்குடுக்கை, மோர் கடைகிற மத்து, கொட்டாங்கச்சி அகப்பை, உறி, பானைக்கு அடியில் வைக்கிற பிரிமணை, எல்லாம் கேட்பாரற்றுக் கிடந்தன. ஆனால் சார் போய்க் கேட்டால் கொடுக்கமாட்டார்கள். வாத்தியார் எதற்குப் பழைய சாமான் கேட்கிறார், இதில் ஏதோ இருக்கிறது என்று உள்ளே எடுத்து வைத்துவிடுவார்கள். நான் கேட்டால் கொடுத்தார்கள். அந்த வீடுகளில் பாதிப் பிள்ளைகள் பிறந்தது என் கையில். ஊசி போடப் போன கையோடு முறத்தையும் குடுக்கையையும் வாங்கிக்கொண்டு வந்தேன். சார் அதை ஒளிக்கவே இல்லை. வருகிறவர்களிடமெல்லாம், "இந்த ரூம்ல இருக்கறது மொத்தமும் சிஸ்டர் முகத்துக்கு வந்தது" என்பார். எனக்கும் அதில் பெருமைதான்.

பள்ளிக்கூடத்தில் ஓட்டுக்கூரை போட்ட பழைய வகுப்பறை ஒன்று சும்மா கிடந்தது. அதில் அடுக்கினார். பார்க்க மட்டும் என்று வைக்கவில்லை. ஒருநாள் நான் போனபோது பத்தாம் வகுப்புப் பெண்கள் ஏந்திரத்தைச் சுற்றி உட்கார்ந்து கேழ்வரகு அரைத்துக்கொண்டிருந்தார்கள். பிடியை எந்தப் பக்கம் சுற்றுவது என்று அவர்களுக்குள் சண்டை. சார் ஓரமாக நின்று அவர்களைக் கேட்டுக்கொண்டிருந்தார்: மேல்கல் ஏன் சுற்றுகிறது, கீழ்க்கல் ஏன் சுற்றவில்லை, மாவு ஏன் ஓரத்துக்கு வருகிறது. அந்த ஒரு மணி நேரத்தில் அவர் நடத்திய பாடத்தை எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. அரைத்த மாவில் களி கிண்டி எனக்கும் கொடுத்தார்கள். அதில் பாதி கல். சிரித்துக்கொண்டே தின்றோம். சார் நல்ல ஆசிரியர். அதில் எனக்கு அன்றும் சந்தேகமில்லை, இன்றும் இல்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். ஒவ்வொரு பொருளின் பக்கத்திலும் ஒரு அட்டை வைத்து, அது யார் வீட்டிலிருந்து வந்தது என்று முத்து முத்தான கையெழுத்தில் எழுதுவார். மேலதிகாரி ஒருவர் பார்வையிட வந்து, எதற்கு இத்தனை பெயர், பழங்காலப் பொருட்கள் என்று பொதுவாகப் போட்டுவிடுங்கள் என்றபோது சார் விடவில்லை. "பழங்காலம்னு ஒரு வூடு எங்கயும் இல்லீங்க. இது குப்பன் வூட்டு உறி, அது சின்னாயி வூட்டு மத்து" என்றார். அன்றைக்கு அவர் மேல் எனக்கு வந்த மரியாதைக்கு அளவில்லை.

மங்கம்மா வீட்டு மரக்கால் அந்த அறைக்கு வந்தது இரண்டாம் வருஷம். மங்கம்மா என்னைவிடப் பத்து வயது மூத்தவள். அவள் மருமகளுக்கு இரண்டு பிரசவம் நான் பார்த்தது. அந்த மரக்கால் ஒரே கட்டையில் குடைந்தது. வாயில் இரும்புப் பூண். உள்பக்கம் தானியம் பட்டுப் பட்டு வழுவழுவென்றிருந்தது. அதைக் கேட்டதும் அவள் உடனே சரி என்று சொல்லவில்லை. உள்ளே போய் ஒரு கைப்பிடி சாமையைக் கொண்டுவந்து மரக்காலில் போட்டு, அதோடு என்னிடம் நீட்டினாள். மற்ற வீடுகளிலும் இப்படித்தான் குடுக்கையிலும் முறத்திலும் ஒரு பிடி தானியம் போட்டுத் தருவார்கள். வெறும் பாத்திரத்தைக் கொடுக்கக்கூடாது என்ற நம் ஊர் மரியாதைதான் இது என்று நினைத்து நான் சும்மா வாங்கி வந்திருக்கிறேன். அன்று சாரும் கூட வந்திருந்தார். இது எதற்கு என்று அவர்தான் கேட்டார். மங்கம்மா விளக்கமாகச் சொன்னாள்.

"வெறும்னே குட்த்தா அது குட்த்ததுதான், அதோட போச்சு. தானியத்த போட்டுக் குட்த்தா எரவலு. மறுபடியும் எங்க வூட்டுக்கு வந்துரணும். சாமை அறுத்தா மொத மரக்கா இதுலதான் அளப்போம். அத்த அளக்காத புதுச்சாமை ஒலையில போட மாட்டோம். அறுப்புக்கு நான் வந்து எடுத்துக்கறேன், அளந்துட்டு உங்ககிட்டவே குட்த்துடறேன். இன்னா நர்சம்மா, சரியா?"

சரி என்றேன். சாரும் சரி என்றார். பள்ளிக்கூடம் திரும்பியதும் அவர் அந்தச் சாமையைக் காகிதத்தில் மடித்து மரக்காலுக்குள்ளேயே வைத்து, இரவல் என்று நோட்டிலும் எழுதிக்கொண்டார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அறையில் இருந்த அத்தனையும் இரவல்தான் என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. சாருக்கும் அன்றைக்குத்தான் புரிந்திருக்கும். ஆனால் புரிந்தது என்பதை மறக்காதீர்கள்.

சொன்னபடியே மங்கம்மா மூன்று வருஷம் வந்தாள். அறுப்பு முடிந்ததும் வருவாள், மரக்காலைத் தலையில் வைத்துக்கொண்டு போவாள். ஒருமுறை என்னையும் கூப்பிட்டாள், போனேன். களத்தில் குவித்த சாமைக்கு முன்னால் மகன் குளித்துவிட்டு வந்து கிழக்கே பார்த்து நின்று மரக்காலை நிறைத்தான். முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லக்கூடாது, லாபம் என்று சொன்னார்கள். அதைச் சாமிக்கு ஒதுக்கிவிட்டு மீதியைக் குத்திப் பொங்கி எனக்கும் இலையில் போட்டார்கள். அடுத்த வாரமே மரக்கால் துடைத்துச் சுத்தமாகப் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி வந்தது, உள்ளே ஒரு பிடி புதுச்சாமையோடு.

அதற்கடுத்த வருஷம் சார் ஓய்வு பெற்று மலையிறங்கிவிட்டார். அறுப்பு வந்தது. மங்கம்மா என்னைத் தேடி வந்தாள், சார் இல்லாத பள்ளிக்கூடத்துக்குத் தனியாகப் போகக் கூச்சம் என்று. இரண்டு பேரும் போனோம். அலுவலகத்தில் சாவி வாங்கி நான்தான் பூட்டைத் திறந்தேன். அறை காலி. சுவரோரம் பெஞ்சுகள் மட்டும் இருந்தன. பள்ளிக்கூடக் காவலாளியைக் கேட்டோம். சார் போவதற்கு முந்தின வாரம் மினி லாரி வைத்து மொத்தத்தையும் பட்டணத்தில் ஒரு தனியார் காட்சிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டார், உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தேனே என்றார் அவர். அந்த வாரம் நான் இரண்டு முறை சாரைப் பார்த்திருக்கிறேன். பிரிவு உபசாரக் கூட்டத்தில் அவருக்கு மாலை போட்டிருக்கிறேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மங்கம்மா சத்தம் போடவில்லை. அறையை ஒரு சுற்று பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, "வாத்தியாரு எங்களுக்கு யாரு நர்சம்மா? உன் கையிலதான குட்த்தேன்" என்றாள். அவ்வளவுதான். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாளே கலசப்பாக்கம் போனேன். சார் வாசலுக்கு வந்து சிரித்த முகமாக அழைத்தார். நான் உட்காரவில்லை. அவர் பொறுமையாக விளக்கினார். ஓடு ஒழுகுகிறது, கரையான் ஏறிவிட்டது, அடுத்து வருகிற ஆசிரியர் இதையெல்லாம் அள்ளிக் குப்பையில் போட்டுவிடுவார், அங்கே கண்ணாடிக்குள் பத்திரமாக இருக்கும், ஆயிரம் பேர் பார்ப்பார்கள். இதில் அவர் ஒரு பைசா வாங்கவில்லை, அதை நான் உறுதியாகச் சொல்வேன். வாங்கியிருந்தால் ஆசைப்பட்டுவிட்டார் என்றாவது மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன். அவர் சொன்ன காரணங்களும் பொய்யில்லை. கரையானை நானே பார்த்திருக்கிறேன். அதனால்தான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். அந்த வீடுகளில் ஒரு வார்த்தை கேட்டீர்களா என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"கேட்டா குடுத்திருப்பாங்களா சிஸ்டர்?"

கொடுத்திருக்கமாட்டார்கள் என்று தெரிந்துதான் கேட்காமல் விட்டிருக்கிறார். அதை அவர் வாயாலேயே சொல்கிறார், சொல்வது என்னவென்று தெரியாமலேயே. தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிவிட்டேன்.

மங்கம்மாவைக் கூட்டிக்கொண்டு பட்டணத்துக்கும் போனேன். பளபளவென்று தரை, குளிர்ச்சியான அறை. கண்ணாடிப் பெட்டிக்குள் அவள் வீட்டு மரக்கால் இருந்தது. பக்கத்தில் அச்சடித்த பலகை. தானிய அளவை என்றும், அதன் கீழே தணிகாசலம் சேகரிப்பு என்றும் இருந்தது. குப்பன் வீடு, சின்னாயி வீடு, மங்கம்மா வீடு என்று ஒரு பெயரும் இல்லை. பழங்காலம் என்று எழுத விடாமல் சண்டை போட்ட மனிதர், வீட்டுக்காரர்கள் பெயர்களை எல்லாம் எடுத்துவிட்டுத் தன் பெயரை மட்டும் வைக்க விட்டிருக்கிறார். மங்கம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அவள் பார்த்தது வேறு. மரக்காலைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். "கவுத்து வெச்சிருக்காங்களே. வூட்டுல தானியம் இல்லாதவங்கதான் மரக்காவ கவுப்பாங்க. குடுக்காட்டி போறாங்க, நிமித்தியாவது வெக்கச் சொல்லு" என்றாள். அங்கிருந்த அலுவலரிடம் சொன்னேன். அடிப்பாகத்தில் உளி வேலை அழகாகத் தெரிகிறது, அதற்காகத்தான் அப்படி என்றார். கொடுத்தவர் எழுதித் தந்தால் தவிர எதையும் தொடமுடியாது என்றும் மரியாதையாகவே சொன்னார். அங்கிருந்தே சாருக்குப் போன் போட்டேன். இரண்டு வரி எழுதிக் கொடுங்கள் என்று கெஞ்சினேன். "குடுத்ததைத் திருப்பிக் கேக்கறது மரியாதையா இருக்காதுங்க சிஸ்டர்" என்றார். அதுதான் நான் அவரோடு கடைசியாகப் பேசியது.

அந்த வருஷத்திலிருந்து மங்கம்மா வீட்டில் புதுச்சாமை பொங்கவில்லை. இதை அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. நிஜமாகவே பொங்கவில்லை. பிளாஸ்டிக் பக்கெட்டில் அளக்கலாம் என்று மகன் சொல்லிப் பார்த்தான், அவள் ஒப்பவில்லை. அறுக்கிற சாமை அப்படியே வியாபாரிக்குப் போகிறது. சாமை விளைகிற வீட்டில் ரேஷன் அரிசி வேகிறது. மாமியாரின் பிடிவாதம் என்று மருமகள் முகம் திருப்பிக்கொள்கிறாள். நான் போனால் மங்கம்மா இன்றும் மோர் கொடுக்கிறாள், சிரிக்கிறாள், கால்வலிக்கு மாத்திரை கேட்கிறாள். மரக்காலைப் பற்றிப் பேசுவதில்லை. அந்த வீட்டு வாசலில் நின்றால் எனக்குத்தான் தலை நிமிர்வதில்லை.

சார் பொங்கலுக்குப் பொங்கல் வாழ்த்து அனுப்புவார். நான் பதில் போட்டதில்லை. ஆனால் மனதுக்குள் அவருக்காக ஒரு சாக்கு வைத்திருந்தேன். அவர் கீழ்நாட்டுக்காரர், மலையில் பிறந்தவரில்லை, படித்தவர், ஒரு மரக்கால் ஒரு வீட்டுக்கு என்ன என்பது அவருக்குத் தெரியாது, தெரிந்து செய்திருக்கமாட்டார் என்பதுதான் அது. அந்தச் சாக்கு இருந்ததால்தான் எடுப்புக்குப் போனேன்.

வீட்டின் நடுவில் கிடத்தியிருந்தார்கள். முகம் அமைதியாக இருந்தது. என்னையறியாமல் அழுதுவிட்டேன். அவருக்காக அழுதேனா என் ஏமாற்றத்துக்காக அழுதேனா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், தலைமாட்டில் விளக்கு எரிகிறது. விளக்குக்குப் பக்கத்தில் நிறைய நெல்லோடு ஒரு மரக்கால். பித்தளைப் பூண் போட்டது, பழையது, எண்ணெய் தேய்த்துத் தேய்த்துக் கறுத்துப்போனது. கவிழ்த்து வைக்கவில்லை, நிமிர்த்திதான் வைத்திருந்தார்கள். சாரின் மகள் சுமதி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அது யாருடையது என்று கேட்டேன். அவள் அழுகையினூடே அப்பாவின் பெருமையாகத்தான் சொன்னாள்.

"அப்பாவோட தாத்தா காலத்துது ஆன்ட்டி. அந்த மியூசியத்துக்காரங்க வூட்டுக்கு வந்தப்ப இதையும் கேட்டாங்க. அப்பா குடுக்கல. இது வூட்ட வுட்டுப் போகக் கூடாதுன்னு சொல்லிட்டாரு."

என் சாக்கு அங்கேயே முடிந்தது. தெரியாமல் செய்யவில்லை. ஒரு மரக்கால் ஒரு வீட்டுக்கு என்ன என்பது மங்கம்மாவுக்குத் தெரிந்த அளவுக்கு அவருக்கும் தெரிந்திருக்கிறது. தன் வீட்டு விஷயத்தில் தெரிந்திருக்கிறது. வாய்க்கரிசி போட என்னையும் கூப்பிட்டார்கள். போட்டேன். 

பதினாறாம் நாள் காரியத்துக்கு மறுபடியும் கலசப்பாக்கம் போனேன். எல்லோரும் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகு சுமதியை உட்கார வைத்து மங்கம்மா வீட்டுக் கதையை முதலிலிருந்து சொல்லி, காட்சிக்கூடத்துக்கு அப்பா சார்பில் இரண்டு வரி எழுதித் தரும்படி கேட்டேன். அப்பாவைப் பற்றி அப்படிச் சொல்லாதீங்க என்று முதலில் எழுந்து போய்விட்டாள். நான் போகவில்லை, உட்கார்ந்தே இருந்தேன். வெகுநேரம் கழித்து ஒரு தாளும் பேனாவுமாக வந்து, என்ன எழுதணும் ஆன்ட்டி என்றாள். அப்பா சொன்னதை அப்படியே எழுது என்றேன். குடும்பத்து மரக்கால் வீட்டை விட்டுப் போகக்கூடாது என்பது என் தந்தையின் கருத்து என்று எழுதினாள். அதன் கீழே, ஆகவே மங்கம்மா வீட்டு மரக்காலை அவர்களிடமே கொடுத்துவிட வேண்டும் என்று அவளாகவே ஒரு வரி சேர்த்துக் கையெழுத்துப் போட்டாள்.

சாரிடம் படித்த உங்களில் முக்கால்வாசிப் பேர் மலைப் பிள்ளைகள். அந்தக் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் இருக்கிற உறியும் மத்தும் குடுக்கையும் உங்கள் வீடுகளுடையவை. அவர் உங்களுக்கு நல்ல ஆசிரியராக இருந்தார், அழுங்கள், படத்துக்கு மாலை போடுங்கள், நானும் வருகிறேன். ஆனால் இந்த மலரைப் படித்துவிட்டு உங்கள் வீட்டில் போய், நம்முடையதை நர்சம்மா எப்போது வாங்கிப் போனார்கள் என்று ஒருமுறை கேளுங்கள். என்னையும் கேளுங்கள். பதில் சொல்லக் கடமைப்பட்டவள் நான்.

மலையில் சாமை இப்போது கதிர் வாங்கியிருக்கிறது. அறுப்புக்கு முன்னால் நானும் மங்கம்மாவும் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு பட்டணம் போகிறோம். கொடுப்பார்களா என்று தெரியாது. கொடுக்காவிட்டால் மறுபடியும் போவோம். தணிகாசலம் சாரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது, அவர் தன் வீட்டுக்காகச் சொன்ன அந்த ஒரு வாக்கியம்தான். மங்கம்மா வீட்டு அடுப்பில் புதுச்சாமை பொங்கும் வரை அதை நான் அவருக்குத் திருப்பித் தரப்போவதில்லை.